பழைய நாவல்களில் நம்மோடு பேசிய கதைசொல்லி எங்கே போனார்?

அரசலாற்றங்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தமிழ் நாவல்களைக் கைக்குக் கிடைத்த வரிசையில் பல ஆண்டுகளாகப் படித்து வந்த நான், இப்போது அவற்றை வெளிவந்த காலவரிசையில் மறுபடியும் படித்து வருகிறேன். 1879இல் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்த ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’, 1898இல் வந்த அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ என்று தொடங்கி, க.நா.சு. (க.நா. சுப்ரமண்யம்), தி. ஜானகிராமன், அசோகமித்திரன் ஆகியோரைக் கடந்து, 1994இல் வெளிவந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ வரை வந்திருக்கிறேன். இப்படி வரிசையாகப் படித்ததால் ஒரு மாற்றம் கண்ணில் பட்டது. அதைப் பற்றித்தான் உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

பழைய நாவல்களில் கதை சொல்லுகிறவர் நம் பக்கத்தில் உட்கார்ந்து நேரடியாகப் பேசுகிறார். ‘கமலாம்பாள் சரித்திர’த்தில் ஊர்ப்பெண்கள் கூடி வம்பளக்கும் கூட்டத்துக்கு ‘வம்பர் மகாசபை’ என்று பெயர் சூட்டி, அதை ஓர் அரசவையைப் போல வருணித்து, நம்மையும் அழைத்துக்கொண்டு போய்க் காட்டுகிறார் ராஜம் ஐயர். நாமும் அவரோடு சேர்ந்து சிரிக்கிறோம். அந்த நாவலின் மறுபெயர் ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’ என்பதையும், கமலாம்பாள் மீது விழும் பொய்ப்பழியைக் கேட்டு அவள் கணவர் முத்துஸ்வாமி ஐயர் நிலைகுலைவதையும் பின்னால் படிக்கும்போதுதான், முன்பு நாம் சிரித்து மகிழ்ந்த அதே வம்புப்பேச்சு ஒரு குடும்பத்தையே சிதைக்கக்கூடியது என்பது உறைக்கிறது. கதைசொல்லி அருகிலிருந்து பேசிப் பேசி நம்மைச் சிரிக்க வைத்திருக்காவிட்டால், அந்தப் பழியில் நமக்கும் ஒரு பங்கு இருப்பதாகத் தோன்றியிருக்காது. இருபத்தொரு வயதில் அதை எழுதத் தொடங்கிய இளைஞர் இருபத்தாறாவது வயதில் காலமாகிவிட்டார் என்பதை நினைக்கும்தோறும் மனம் கனக்கிறது.

இதற்கு மாறாக, அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலில் யாரும் என்னிடம் எதுவும் சொல்லுவதில்லை. குடங்களோடு அலையும் சென்னைத் தெருவும், ஜமுனாவும், அவள் தங்கை சாயாவும் எனக்கு முன்னால் இருக்கிறார்கள். ஆசிரியர் விலகி நின்றுகொள்கிறார். ஜமுனாவைப் பற்றி நான் என்ன நினைக்க வேண்டும் என்பதற்கு ஒரு குறிப்புகூட அவர் தருவதில்லை. அதன் கலைத்திறனை நான் மதிக்கிறேன். அந்த நாவலை மிகவும் நேசிக்கவும் செய்கிறேன். ஆனாலும் பழைய நாவல்களின் பேச்சுத்துணைக்காக மனம் ஏங்குவதை மறைக்க முடியவில்லை.

பேசும் கதைசொல்லி மறைந்ததை வளர்ச்சி என்று மட்டும் சொல்லிவிடலாமா, அல்லது நாம் இழந்ததும் ஏதேனும் உண்டா? அந்தத் திருப்பம் எந்த நாவலில் நிகழ்ந்தது என்று நீங்கள் கருதுகிறீர்கள்?

ஏட்டுச்சுவடி

வணக்கம் ஐயா. பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் முதல் கேள்விக்கு வருவதற்கு முன், அந்தக் கதைசொல்லி ஏன் அவ்வளவு பேசினார் என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

வேதநாயகம் பிள்ளை எழுத உட்கார்ந்தபோது தமிழில் நாவல் வாசகர் என்று ஒருவர் இல்லை. உரைநடையில் புனைகதை இல்லாத குறையைப் போக்கவே எழுதுவதாக முன்னுரையில் அவரே கூறுகிறார். செய்யுளையும் புராணப் பிரசங்கத்தையும் அறிந்திருந்த ஒருவரை, தனியே ஒரு தடித்த உரைநடைப் புத்தகத்தோடு உட்காரவைக்க வேண்டியிருந்தது. பிரசங்கியார் இடையிடையே கிளைக்கதை சொல்லிச் சபையைக் கலையாமல் வைத்துக்கொள்வதுபோலவே, அவரும் பிரதாப முதலியின் வாய்மொழியாகக் கிளைக்கதை மேல் கிளைக்கதையாக அடுக்கிச் செல்கிறார். பிரதாபனின் மனைவி ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு ஒரு நாட்டை ஆளும் பகுதியை இன்றைய மாணவர்கள் நம்பமுடியாத கட்டுக்கதை என்று தள்ளிவிடுவார்கள். நாட்டார் கதைகளில் ஊறியிருந்த அந்நாளைய வாசகருக்கோ அதுதான் பழகிய வாசல்; அதன் வழியாகவே பெண்கல்வி என்ற புதிய செய்தியை அவர் உள்ளே கொண்டுவந்தார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர் முன்சீப்பாக, அதாவது கீழ்நிலை நீதிமன்ற நீதிபதியாகப் பணியாற்றியவர். நாவல் எழுதுவதற்கு நெடுநாள் முன்பே ‘நீதிநூல்’ இயற்றியவர். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் கட்சிக்காரருக்குப் புரியாத ஆங்கிலத்தில் வக்கீல்கள் வாதாடுவதை நாவலுக்குள்ளேயே நிறுத்தி வைத்துக் கண்டிக்கிறார். தன்னைப் பற்றிய வழக்கில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் கூண்டில் நிற்கும் மனிதனை நாள்தோறும் பார்த்த ஒருவரால்தான் அப்படி எழுத முடியும். அந்த இடத்தில் கதை நின்றுவிடுகிறது என்பது உண்மையே. கதைக்காக அந்தக் கோபத்தை அவர் விட்டுக்கொடுத்திருந்தால், அந்தப் பக்கங்களை நான் இன்று திரும்பத் திரும்பப் படித்திருக்க மாட்டேன்.

ஆகவே பழைய கதைசொல்லியின் பேச்சைத் திறமைக்குறைவு என்று கொள்வது சரியன்று. வாசகரை உருவாக்கும் வேலையும் அவர் தலையில் இருந்தது. வாசகர் பழகிய பிறகு அந்த வேலை தேவைப்படவில்லை. அதனால் குரல் தணிந்தது. இதில் இழப்பு என்று பெரிதாகச் சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை.

நாஞ்சில்காற்று

அரசலாற்றங்கரை ஐயாவுக்கும் தமிழாசிரியை அம்மாவுக்கும் வணக்கம்.

கதைசொல்லி மறைந்துவிட்டார் என்பதையே நான் ஏற்கவில்லை. அவர் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் என் கருத்து. என் ஊர்ப்பக்கத்து நாவல் ஒன்றைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968இல் வெளிவந்தது; இரணியல் செட்டிமார் குடும்பம் ஒன்றின் கதை. அதில் உண்ணாமலை ஆச்சி என்று ஒரு பாட்டி வருகிறாள். தம் குலத்தார் காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு நீங்கி இந்தத் தென்கோடிக்கு வந்து சேர்ந்த பழங்கதையை ஆச்சிதான் பேரன் திரவிக்குச் சொல்லுகிறாள். எது முறை, எது முறைகேடு, யார் வீட்டில் என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் சொல்லித் தீர்ப்பும் கூறுகிறாள். ராஜம் ஐயர் தாமே செய்த வேலையை இங்கே ஆச்சி செய்கிறாள். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஆசிரியர் பேசும்போது அவர் சொன்னதை நாம் மறுப்பதில்லை. ஆச்சி பேசும்போது மறுக்க முடிகிறது. திரவியின் அக்காள் நாகம்மையைப் புருஷன் வீட்டார் பழி சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதன் பிறகு ஆச்சி சொன்ன அதே குலப்பெருமை அந்தப் பெண்ணின் கழுத்தை நெரிப்பதைத் திரவியோடு சேர்ந்து நாமும் பார்க்கிறோம். ஆச்சியின் மீது நமக்குள்ள அன்பு குறைவதில்லை; அவள் சொல்லிய கதையின் மீதுள்ள நம்பிக்கைதான் குறைகிறது. அன்பும் மறுப்பும் ஒரே பக்கத்தில் இப்படிச் சேர்ந்து நிற்பதைப் பழைய நாவல்களில் நான் கண்டதில்லை.

இது நாஞ்சில் நாட்டோடு முடிந்துவிடவில்லை. எட்டாண்டுகள் கழித்து 1976இல் வந்த கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராம’த்திலும், தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி வந்த கதையை மங்கத்தாயாரம்மாள் என்ற பெரும்பாட்டிதான் சொல்லுகிறாள். இடம்பெயர்ந்து வந்த இரண்டு சமூகங்கள், இரண்டு பாட்டிமார். இருவரும் ஏட்டில் இல்லாத வரலாற்றை நினைவில் சுமந்து வந்தவர்கள். தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யிலோ பாட்டி தேவைப்படவில்லை, ஊரே பேசுகிறது. வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் அதிகாரத்தைப் பற்றி ஊரார் அஞ்சி அஞ்சிப் பேசுவதிலிருந்தே அந்த அதிகாரத்தின் அளவு நமக்குப் புரிந்துவிடுகிறது.

திருப்பம் எங்கே என்று கேட்டீர்கள். 1942இல் வெளிவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ என்று நான் சொல்லுவேன். கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் தன் பங்கைப் பிரித்துத் தரச் சொல்லுகிறாள். கதை கொலையில் போய் முடிகிறது. அவள் கேட்பது நியாயமா என்று நாவல் அறுதியிட்டுச் சொல்லுவதில்லை. கொங்குநாட்டுப் பேச்சு அந்தந்த மனிதரின் வாயிலிருந்து அப்படியே வருகிறது. அந்தப் பேச்சை நாமே எடைபோட வேண்டியிருக்கிறது. மக்கள் பேச்சு நாவலுக்குள் முழுவதுமாக நுழைந்த அன்று, ஆசிரியர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப்போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

நெல்லிமரத்தடி

இந்த உரையாடலில் இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். பழைய கதைசொல்லி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் என்கிறீர்களே, யாருடைய பக்கத்தில்?

‘கமலாம்பாள் சரித்திர’த்தை நானும் மிகுந்த மகிழ்ச்சியோடு படித்திருக்கிறேன். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ்ப் புலவரை அதைப் படித்த யாரும் மறக்க முடியாது. ஆயினும் அந்த நாவலின் கதைசொல்லி ‘நாம்’ என்று கருதும் வட்டம் மிகச் சிறியது. அவர் கண்ணடித்துப் பேசும் அந்த வாசகர், படித்த, வீடும் நிலமும் உடைய ஓர் ஆண். பெரும்பாலும் அவருடைய சமூகத்தையே சேர்ந்தவர். வம்பர் மகாசபையில் கூடும் பெண்கள் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். சிரிப்புக்கு உரியவர்களாக அவர்களைப் பார்க்கிறோமே தவிர, அவர்களுடைய பகல்பொழுது எப்படிக் கழிகிறது என்று அந்தக் குரல் கேட்பதில்லை. கொள்ளைக்காரன் பேயாண்டித்தேவன் இன்னும் வெளியே நிற்கிறான். அப்படி வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேத்தி ஒருத்தி இன்று அந்த நாவலைப் படித்தால், பேச்சுத்துணை போய்விட்டதே என்று வருந்துவாளா? நான் வருந்தவில்லை.

‘கோவேறு கழுதைக’ளுக்கு வருகிறேன். பறையர் குடியிருப்புக்குத் துணி வெளுக்கும் வண்ணார்க் குடும்பத்தின் ஆரோக்கியம்தான் அந்த நாவலின் நடுநாயகம். ஒடுக்கப்பட்டவர்களுக்கும் கீழே ஒடுக்கப்பட்டவள் அவள். மகனைப் பாதிரியாராக்க ஆசைப்படுகிறாள். வீடுவீடாகச் சென்று எடுத்த சோற்றிலும் களத்தில் கிடைத்த தானியத்திலும் குடும்பத்தை ஓட்டுகிறாள். சாவு வீடுகளில் ஒப்பாரி வைக்கிறாள். அந்த ஒப்பாரியின் ஓட்டத்திலேயே நாவல் நகர்கிறது. ஊர்க்காரர்கள் ரெடிமேட் சட்டைக்கும் சலவைக் கடைக்கும் மாற மாற, அவளுக்கு உரிய சோறு குறைந்துகொண்டே போகிறது. பழைய முறை அவளை இழிவுபடுத்தியது. அது போகும்போது அவளுக்கு இருந்த பிழைப்பும் சேர்ந்து போகிறது. மகள் மேரிக்கு நேரும் கொடுமையைக்கூட அவளால் ஊரில் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. இந்த இடத்தில் ஆசிரியர் குறுக்கிட்டு இது அநியாயம் என்று சொல்லியிருந்தால், அவளுடைய வாய் இன்னொரு முறை அடைக்கப்பட்டிருக்கும்.

அதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’, தன்வரலாறும் புனைவும் கலந்தது என்பதால் அதை நாவல் வரிசையில் வைக்கச் சிலர் தயங்குவார்கள். நான் வைப்பேன். அதில் கதைசொல்லி தன் தெருவின் பேச்சுத்தமிழிலேயே, எதையும் மறைக்காமல், நம்மிடம் நேரடியாகப் பேசுகிறாள். ஐயா தேடுகிற பேச்சு அந்தப் புத்தகத்தில் நிரம்ப இருக்கிறது. ஆனால் அது கேட்பவரைச் சௌகரியமாக உட்கார வைக்கும் பேச்சு அன்று.

சாலைப்பயணி

எல்லோருடைய கருத்துகளையும் ஆர்வத்தோடு படித்தேன். நாஞ்சில்காற்று அவர்களின் ஆச்சியைப் பற்றிய பகுதி ‘தண்ணீர்’ நாவலுக்கும் பொருந்தும் என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

அந்த நாவலில் யாரும் எதுவும் சொல்லுவதில்லை என்று கேள்வியில் இருந்தது. டீச்சரம்மா சொல்லுகிறாளே! வாழ்க்கை வெறுத்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற ஜமுனாவிடம், அவள் தத்துவமோ ஆறுதலோ பேசுவதில்லை. தன்னைவிடப் பல வயது மூத்த கணவன், இருமல், மாமியார், பள்ளிக்கூட வேலை என்று தன் சொந்த வாழ்க்கையைச் சொல்லுகிறாள். ஒரு பெண் தன் கதையைச் சொல்ல, இன்னொரு பெண் அதைக் கேட்டுவிட்டு மறுநாளும் குடத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வருகிறாள். கதை சொல்லுவதால் என்ன பயன் என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான விடையை எந்த நாவலிலும் நான் படித்ததில்லை. தெரு முழுவதும் தண்ணீருக்குக் காத்து நிற்கும் ஒரு கோடைக்காலத்தில் அது நிகழ்வதால்தான், அந்தச் சொந்தக்கதை ஒரு செண்டிமென்ட் காட்சியாகச் சரிந்துவிடாமல் நிற்கிறது.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் கால மெடானிலும் பினாங்கிலும் நடக்கும் கதை, 1972இல் அச்சானது. பாண்டியனும் நண்பர்களும் மது அருந்தியபடி தமிழரின் பழம்பெருமையைப் பேசிப் பேசிப் பிய்த்தெறியும் பகுதிகளில் யார் பேசுகிறார்கள் என்பதே சில இடங்களில் தெரியாது. புலம்பெயர்ந்து சென்றவனின் மனத்தில் மதுரைத் தெருக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன; கடைகளும் ஆட்களும் வாசனைகளும் ஒரே மூச்சில் வருகின்றன. அங்கே கதைசொல்லியின் இடத்தில் நினைவுதான் இருக்கிறது. மெடானில் வாழ்ந்து, திரும்பி வந்து மதுரையில் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்த அந்த மனிதர் இரண்டு நாவல்களோடு நிறுத்திக்கொண்டார். அவர் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே அவருக்கு வாசகர் கூட்டம் வாய்த்திருந்தால் இன்னும் எழுதியிருப்பார் என்றே நான் நம்புகிறேன்.

தமிழாசிரியை அம்மா, பழகிய வாசகருக்குப் பேச்சு தேவையில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளில் இசையாசிரியர் ரங்கண்ணா தம் மாணவன் பாபுவுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதைவிட, காதைத் திறந்து கேட்கச் சொல்லிக் கொடுப்பதே அதிகம். வடக்கிலிருந்து வந்த பாடகர்களின் குரல்வளத்தைக் கேட்டுப் பாபு கலங்கிப்போவதும் அந்தப் பயிற்சியால்தான். இருபது வயதில் நான், பாபு நேசிக்கும் யமுனாவுக்காக அந்த நாவலைப் படித்தேன். இப்போது ரங்கண்ணாவுக்காகப் படிக்கிறேன். எவ்வளவு பழகிய வாசகருக்கும், இங்கே கேள் என்று சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது. ஜானகிராமன் அந்த வேலையைத் தாமே செய்யாமல் ரங்கண்ணாவிடம் கொடுத்துவிட்டார்.

ஏட்டுச்சுவடி

சாலைப்பயணி தம்பி சொல்லும் ரங்கண்ணாவை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ரங்கண்ணா வாசகரிடம் பேசவில்லை, பாபுவிடம்தான் பேசுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். வாசகர் ஒட்டுக்கேட்கிறார். வேதநாயகம் பிள்ளை காலத்தில் வாசகருக்கு அந்தத் தொலைவு கிடையாது. நெல்லிமரத்தடி அவர்கள் எழுப்பிய கேள்வியை வகுப்பறையில் ஒரு மாணவி முன்பே என்னிடம் கேட்டிருந்தால், அந்த நாவல்களை இன்னும் நன்றாக நடத்தியிருப்பேன்.

அரசலாற்றங்கரை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உண்ணாமலை ஆச்சி, மங்கத்தாயாரம்மாள், டீச்சரம்மா, ரங்கண்ணா என்று நீங்கள் சுட்டிய ஒவ்வொருவரையும் நான் முன்பே படித்து அறிந்தவன்தான். ஆனால் அவர்களைக் கதைசொல்லிகளாக ஒரே வரிசையில் நிறுத்திப் பார்த்ததில்லை. இனி அப்படிப் பார்க்காமல் படிக்க முடியாது.

நெல்லிமரத்தடி அவர்களின் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டுமானால், ராஜம் ஐயர் உட்கார்ந்தது என்னைப் போன்றவர்களின் பக்கத்தில்தான். அந்த இன்பத்தை நான் விட்டுவிடப் போவதில்லை. ஆனால் வம்பர் மகாசபை வரும் அத்தியாயங்களை இந்த முறை அந்தப் பெண்களின் பக்கத்திலிருந்து மறுபடியும் படிக்கப் போகிறேன். அபவாதம் அவர்களிடமிருந்துதான் பிறந்தது என்று கதைசொல்லி நம்மை எளிதாக நம்ப வைத்துவிடுகிறார். அதைக் கேட்டவுடன் நம்பிய முத்துஸ்வாமி ஐயரை அவ்வளவு கடுமையாக நடத்துவதில்லை என்ற ஐயம் எனக்கு இப்போது எழுந்திருக்கிறது.

திருப்பத்தைப் பொறுத்தவரை ‘நாகம்மாள்’ என்ற கருத்து எனக்கு ஏற்புடையதே. 1946இல் வெளிவந்த க.நா.சு.வின் ‘பொய்த்தேவு’வை அதோடு சேர்த்து வைத்துப் படிக்க விரும்புகிறேன். சாத்தனூர் மேட்டுத்தெருவில் பிறந்த சோமு, பெரிய மளிகை வியாபாரியாகிச் சோமு முதலியாராக உயர்ந்து, பின்பு எல்லாவற்றையும் விட்டு வெளியேறுவதை அந்த நாவல் சொல்லுகிறது. அதன் கதைசொல்லி இன்னும் நம்மோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் சோமுவைப் பற்றி உறுதியாக எதையும் சொல்ல அவருக்கு மனம் வருவதில்லை. நான்காண்டு இடைவெளியில் வந்த இரண்டு நாவல்களில் ஒன்று பேச்சை மாந்தரிடம் கொடுக்கிறது. மற்றொன்று பேச்சைத் தன்னிடமே வைத்துக்கொண்டு தீர்ப்பை மட்டும் கைவிடுகிறது. இரண்டில் எது பின்வந்தவர்களுக்கு அதிகம் பயன்பட்டது என்பதைப் படித்து முடித்த பின் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமைகளை எழுதிய கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலும் 1972ஆம் ஆண்டைச் சேர்ந்ததுதான். நம் பேச்சில் இதுவரை ஈழத்து நாவல் ஒன்றுகூட வரவில்லை. அங்கே கதை சொல்லுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதை அந்த மண்ணின் பேச்சறிந்த வாசகர் யாரேனும் விரிவாக எழுதினால், ‘கருக்கு’வுக்கு முன்பாக அதை எடுத்துக்கொள்வேன்.